மருந்து இல்லாத கோழியும் மருந்துக்கு அடங்காத கிருமியும்

சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் இருக்கும் சில கோழிப் பாக்கெட்டுகளில் "ஆன்டிபயாடிக் ரெசிட்யூ ஃப்ரீ" என்று ஒரு வரி இருக்கும். விலையும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதை வாங்குகிறவர் என்ன நினைத்து வாங்குகிறார்? இந்தக் கோழிக்கு ஆன்டிபயாடிக்கே கொடுக்கவில்லை என்று நினைத்துத்தான். ஆனால் அந்த வரி அப்படிச் சொல்லவில்லைங்க. கோழி கடைக்கு வந்தபோது இறைச்சிக்குள் மருந்து மிச்சம் இல்லை, அல்லது சட்டம் அனுமதிக்கும் அளவுக்குக் கீழே இருந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. அதற்கு முந்தைய ஆறு வாரம் அந்தக் கோழி என்ன சாப்பிட்டு வளர்ந்தது என்பது பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

இது வெறும் வார்த்தை விளையாட்டு என்று தோன்றலாம். இறைச்சியில் மருந்து எச்சம் இருப்பது ஒரு பிரச்சினை. அந்த மருந்தைப் பார்த்துப் பழகிய பாக்டீரியா இருப்பது இன்னொரு பிரச்சினை. முதலாவதைக் கண்டுபிடிக்கும் சோதனை இரண்டாவதைக் கண்டுபிடிக்காது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள கோலிஸ்டின் என்ற மருந்தின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயத்தை ஓரம் கட்டிவிடுகிறேன். "பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்க" என்று வருடக்கணக்காக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஒரு ஷெட்டில் ஐயாயிரம், பத்தாயிரம் கோழி இருக்கும். ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போட யாருக்கு நேரமும் ஆளும் இருக்கு? அந்த இனம் சீக்கிரம் வளர்வதற்குக் காரணம், பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததும் தீவனமும்தான். ஹார்மோன் பயத்தில் நாம் பார்க்கத் தவறியது ஆன்டிபயாடிக்கை.

முதலில் எச்சம்

பாலில் இருந்து ஆரம்பிப்போம். மாட்டுக்கு மடிநோய் வந்தால் காம்பு வழியாகவே பென்சிலின் வகை மருந்தை ஏற்றுவார்கள். அடுத்த சில நாட்கள் கறக்கும் பாலில் அந்த மருந்து வந்துகொண்டே இருக்கும். அந்தப் பாலை ஊற்றிவிட வேண்டும், விற்கக் கூடாது. இதற்குப் பெயர் காத்திருப்புக் காலம். எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும், பெட்டியிலேயே போட்டிருக்கும். நாலு மாடு வைத்திருப்பவருக்கு நாலு நாள் பாலை ஊற்றுவது என்றால் அந்த வாரச் செலவுக் காசு போய்விடும். சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான்.

பால் தொழில் இதை ஆரம்பத்திலேயே கவனித்தது. காரணம் மக்கள் உடல்நலம் மேல் இருந்த அக்கறை மட்டும் இல்லை. மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது, சீஸும் ஆகாது. பாலைத் தயிராக்குவதே பாக்டீரியாதானே, அதையும் மருந்து விட்டுவைக்காது. இந்தக் குணத்தையே ஒரு சோதனையாக மாற்றிவிட்டார்கள். டெல்வோடெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. சின்னக் குப்பியில் ஒரு ஜெல்லி, அதற்குள் சூட்டைத் தாங்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள், கூடவே ஊதா நிறக் காட்டி. அதில் பாலை விட்டு 64 டிகிரி சூட்டில் சுமார் மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். பாக்டீரியா வளர்ந்து அமிலம் சுரந்தால் ஊதா மஞ்சளாக மாறும், பால் சுத்தம். ஊதா ஊதாவாகவே இருந்தால் ஏதோ ஒரு மருந்து அதை வளர விடவில்லை என்று அர்த்தம். எந்த மருந்து என்று இது சொல்லாது. அதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மாதிரி பெரிய கருவிகள் வேண்டும்.

நம் நாட்டில் நிலைமை எப்படி? எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பைத் தாண்டியது 77 மாதிரிகளில், அதாவது நூற்றுக்கு ஒன்று சொச்சம். நாம் எல்லோரும் பயப்படும் கலப்படத்தால் பாதுகாப்பற்றது என்று ஒதுக்கப்பட்டது 12 மாதிரிகள்தான். இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது அஃப்ளாடாக்சின் எம்1, 368 மாதிரிகள். பூஞ்சை பிடித்த தீவனத்தில் இருந்து பாலுக்கு வரும் நச்சு அது. அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

இந்த "வரம்பு" எப்படி வருகிறது என்பது சுவாரசியமானது. சோதனை விலங்குகளில் எந்தப் பாதிப்பும் தெரியாத அளவைக் கண்டுபிடித்து, அதைப் பெரும்பாலும் நூறால் வகுப்பார்கள். பிறகு ஒரு கற்பனை மனிதரை எடுத்துக்கொள்வார்கள். அவர் தினமும் 300 கிராம் இறைச்சி, 100 கிராம் ஈரல், ஒன்றரை லிட்டர் பால், 100 கிராம் முட்டை என்று வாழ்நாள் முழுக்கச் சாப்பிடுகிறார். அவருக்கும் அளவு தாண்டாதபடி வரம்பு வைக்கப்படும். நம்மில் யாரும் அவ்வளவு சாப்பிடுவதில்லை. ஆகவே வரம்புக்குக் கீழே இருக்கும் எச்சத்தைப் பற்றி நான் தூக்கத்தைத் தொலைப்பதில்லை.

விதிவிலக்குகள் உண்டு. குளோராம்பெனிகால் அரிதாகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜையையே செயலிழக்க வைக்கும். இவ்வளவுக்குக் கீழே போனால் ஆபத்து இல்லை என்று ஒரு கோடு போட முடியாததால், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளில் அதற்கு அனுமதியே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் இறால் இறக்குமதிக்கு நிர்ணயித்த கண்டுபிடிப்புத் திறன் 2022 வரை ஒரு கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராமாக இருந்தது. கணக்குப் போட்டால் சுமார் 3,300 டன் இறாலில் ஒரு கிராம்.

"நல்லா கொதிக்க வச்சா மருந்து போயிடாதா?" என்று கேட்பார்கள். சில மருந்துகள் கொஞ்சம் சிதையும், பல மருந்துகள் அப்படியே இருக்கும். சமையல் சூட்டில் கண்டிப்பாகச் சாவது பாக்டீரியா மட்டும்தான்.

இப்போது கோலிஸ்டின்

இது புது மருந்து இல்லை. 1940-களின் கடைசியில் ஜப்பானில் ஒரு மண் பாக்டீரியாவிடம் இருந்து பிரித்தெடுத்தார்கள். 1950-களில் மனிதர்களுக்குப் பயன்பட்டது. சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கிறது என்று தெரிந்ததும், அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் சேர்ந்து, 1970-களில் மருத்துவர்கள் அதைக் கிட்டத்தட்டக் கைவிட்டார்கள். மனிதர்களுக்கு வேண்டாம் என்று ஆன மருந்து கால்நடைப் பக்கம் போனது. விலை மலிவு, குடல் நோய்க்குக் கேட்கிறது. பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்திலேயே கலந்து கொடுக்க ஆரம்பித்தார்கள்.

நோய்க்கு மட்டும் இல்லை, எடை கூடவும்தான். இந்தப் பழக்கத்தின் மூலக்கதை தற்செயலானது. அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் கோழிக்குஞ்சுகளுக்குப் பி12 வைட்டமின் கிடைக்க மலிவான வழி தேடினார்கள். ஆரியோமைசின் தயாரித்த பிறகு மிஞ்சும் கசடைத் தீவனத்தில் போட்டுப் பார்த்தார்கள். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தன. காரணம் வைட்டமின் மட்டும் இல்லை, கசடில் ஒட்டியிருந்த ஆன்டிபயாடிக்கும்தான். 1950-க்குப் பிறகு இது உலகம் முழுக்கப் பரவியது. நோயைக் குணமாக்கத் தேவையானதைவிட மிகக் குறைந்த அளவு, ஆனால் தினமும். பாக்டீரியாவுக்குப் பயிற்சி கொடுக்க இதைவிட நல்ல பாடத்திட்டம் யோசித்தாலும் கிடைக்காது.

இதற்கிடையில் மருத்துவமனைகளில் நிலைமை மாறியது. 2000-க்குப் பிறகு, கார்பாபெனம் என்ற வலுவான மருந்து வகைக்கும் அடங்காத கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் ஐசியுக்களில் பெருகின. வேறு எதுவும் வேலை செய்யாதபோது மருத்துவர்கள் அலமாரியின் அடியில் கிடந்த கோலிஸ்டினைத் திரும்ப எடுத்தார்கள். சிறுநீரகம் பாதிக்கலாம் என்று தெரிந்தேதான். ஆள் பிழைத்தால் சிறுநீரகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை. இந்திய ஐசியுக்களுக்கு இது நன்றாகவே பழகிய மருந்து.

அதாவது ஒரே மருந்து, ஒரு பக்கம் உயிர் போகும் நேரத்தில் கடைசி ஊசி, இன்னொரு பக்கம் மூட்டையில் வரும் தீவனக் கலவை.

2015 நவம்பரில் சீன ஆராய்ச்சியாளர்கள் லான்செட் இதழ்க் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஷாங்காயில் ஒரு பண்ணைப் பன்றியிடம் எடுத்த ஈ.கோலையில் எம்சிஆர்-1 என்று ஒரு மரபணு. அது இருந்தால் கோலிஸ்டின் வேலை செய்யாது. கோலிஸ்டின் நேர்மின்னூட்டம் உள்ளது, பாக்டீரியாவின் வெளிச்சுவர் எதிர்மின்னூட்டம் உள்ளது. காந்தம் மாதிரி போய் ஒட்டி சுவரைக் கிழிக்கும். எம்சிஆர்-1 அந்தச் சுவரில் ஒரு சின்ன வேதிப் பட்டையை ஒட்டி எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துவிடுகிறது. மருந்துக்கு ஒட்டப் பிடிமானம் இல்லை.

கோலிஸ்டின் எதிர்ப்பு அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் அவை அந்தந்தப் பாக்டீரியாவின் சொந்த குரோமோசோமில் நடந்த மாற்றங்கள். அதன் வாரிசுகளுக்கு மட்டும் போகும். எம்சிஆர்-1 உட்கார்ந்திருந்தது பிளாஸ்மிட்டில். பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் தனியாகச் சுற்றும் ஒரு சின்ன டிஎன்ஏ வளையம், பென் டிரைவ் மாதிரி. பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பாக்டீரியாவுக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்துவிடலாம். ஈ.கோலையிடம் இருந்து கிளெப்சியெல்லாவுக்குப் போகலாம். அதுதான் எல்லோரையும் உலுக்கியது.

அதே ஆய்வில் கடை இறைச்சி மாதிரிகளில் 523-க்கு 78, விலங்குகளில் 804-க்கு 166, மருத்துவமனை நோயாளிகளில் 1,322-க்கு 16 பேரிடம் அது இருந்தது. விலங்கு 21 சதவீதம், இறைச்சி 15 சதவீதம், மனிதர் 1 சதவீதம். எந்தப் பக்கத்தில் இருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று இந்த மூன்று எண்ணை வைத்தே ஊகிக்கலாம்.

அடுத்து நடந்தது எங்கள் தொழில்காரர்களுக்குப் பிடிக்கும். டென்மார்க்கில் ஏற்கெனவே சுமார் 3,000 பாக்டீரியாக்களின் முழு மரபணு வரிசையைக் கணினியில் வைத்திருந்தார்கள். கட்டுரை வந்ததும் அந்தத் தரவில் எம்சிஆர்-1 வரிசையைத் தேடினார்கள், நாம் லாக் ஃபைலில் கிரெப் போடுவோமே அந்த மாதிரி. ஒரு டேனிஷ் நோயாளியின் ரத்தத்தில் வந்த ஈ.கோலை ஒன்று, 2012 முதல் 2014 வரை இறக்குமதியான கோழி இறைச்சியில் எடுத்தவை ஐந்து. மரபணு பெயர் வாங்குவதற்கு முன்பே ஐரோப்பா போய்ச் சேர்ந்திருக்கிறது. சீனாவிலேயே பழைய சேமிப்பைக் கிளறியபோது 1980-களில் கோழியிடம் எடுத்து வைத்திருந்த ஈ.கோலையிலும் அது இருந்தது.

எச்சச் சோதனை என்ன சொல்லியிருக்கும்?

இங்கேதான் ஆரம்பத்தில் சொன்ன வித்தியாசம் வருகிறது. கோலிஸ்டின் வாய் வழியாகக் கொடுத்தால் குடலில் இருந்து ரத்தத்துக்கு அநேகமாக ஏறவே ஏறாது. அதனால்தான் ஐசியுவில் அதை மாத்திரையாகக் கொடுப்பதில்லை, ஊசியாக ஏற்றுகிறார்கள். கோழிக்கும் அப்படியே. தீவனத்தில் சாப்பிட்டது குடலோடு போய் எச்சத்தில் (பறவை எச்சம்தான், மருந்து எச்சம் இல்லை!) வெளியே வந்துவிடும். இறைச்சிக்குள் போவது மிகக் கொஞ்சம். ஐரோப்பாவில் கோழிக்கு அனுமதி பெற்ற கோலிஸ்டின் மருந்துகளில் இறைச்சிக்கான காத்திருப்புக் காலம் ஒரு நாள், முட்டைக்குப் பூஜ்ஜியம்.

ஆக, வாழ்நாள் முழுக்கக் கோலிஸ்டின் தின்ற கோழியின் நெஞ்சுக்கறியைச் சோதனைக்கு அனுப்பினால் முடிவு சுத்தம் என்றுதான் வரும். அறிக்கை பொய் இல்லை. டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ், ஆனால் பிழை இருக்கும் ஃபங்ஷனுக்கு யாரும் டெஸ்டே எழுதவில்லை. மருந்து போய் வேலை செய்த இடம் குடல். கோடிக்கணக்கான பாக்டீரியா வாழ்வதும் அங்கேதான். மருந்துக்குச் செத்தது சாக, தாங்கியது பெருகும்.

அந்தக் குடல் சரக்கு இறைச்சி மேல் வருவது எப்படி? வெட்டும்போது குடல் கிழிந்தால் வரும். ஒரே வெந்நீர்த் தொட்டியில் கோழிகளை அடுத்தடுத்து முக்கி, ஒரே இறகு பிடுங்கும் டிரம்மில் சுற்றும்போது ஒன்றில் இருந்து மற்றதுக்குப் போகும்.

சமைத்தால் சாகாதா? சாகும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியா என்பதற்காக அது சூட்டைத் தாங்கும் என்று அர்த்தம் இல்லை. கொதிக்கும் குழம்பில் எல்லாம் ஒன்றுதான். பிரச்சினை சட்டிக்கு வெளியே இருக்கிறது. கோழி வெட்டிய பலகையில் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் வெங்காயத்தை வெட்டுவது, குழாயடியில் பச்சைக் கறியை அலசி நாலு பக்கமும் தெறிக்க விடுவது. இதைவிடப் பெரிய வழிகள் சமையலறைக்குப் போகாமலே இருக்கின்றன. பண்ணையில் வேலை செய்பவரின் கை, வயலுக்கு எருவாகப் போகும் கோழிக் கழிவு, அங்கிருந்து ஓடும் தண்ணீர். சைவம் சாப்பிடுகிறவர்கள் "நமக்கில்லை" என்று இந்தக் கட்டுரையை மூட முடியாது. சென்னையில் வாங்கிய உணவு மாதிரிகளில் கோலிஸ்டினுக்கு அடங்காத பாக்டீரியாவைத் தேடிய ஓர் ஆய்வு, இறைச்சியோடு காய்கறி, பழங்களையும் எடுத்தது. இரண்டு பக்கமும் அது இருந்தது.

உள்ளே போன ஈ.கோலை உடனே நோய் தராது. குடலில் அமைதியாக உட்கார்ந்திருக்கும், பிளாஸ்மிட்டை அக்கம்பக்கத்தில் பகிரும். அந்த ஆள் ஒரு பெரிய அறுவை சிகிச்சைக்கோ கீமோதெரபிக்கோ போகும்போதுதான் கணக்குத் தீர்க்கப்படும். அப்போது யாரும் பழைய சிக்கன் பாக்கெட்டை நினைத்துப் பார்க்க மாட்டார்கள், நிரூபிக்கவும் முடியாது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்திய மருத்துவமனைகளில் கோலிஸ்டினுக்கு அடங்காத கிளெப்சியெல்லாவைப் பிரித்துப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கண்டது எம்சிஆர்-1 இல்லை. பாக்டீரியாவின் சொந்த குரோமோசோமில், எம்ஜிஆர்பி போன்ற மரபணுக்களில் நடந்த மாற்றங்கள். அது ஐசியுவிலேயே கோலிஸ்டினை அளவுக்கு மீறிக் கொடுத்ததன் விளைவு. எல்லாப் பழியையும் கோழி மேல் போடுவது மருத்துவமனைகளுக்கு வசதி, அவ்வளவுதான். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மருந்தைத் தேய்க்கும்போது ஒரு பக்கத்தை விட்டுவிட்டு இன்னொன்றைப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

நிறுத்தினால் குறையுமா?

குறைகிறது. இதைப் படித்தபோது எனக்கே ஆச்சரியம். ஒருமுறை வந்த எதிர்ப்பு போகாது என்றுதான் பலர் சொல்வார்கள். சீனா 2017 ஏப்ரல் 30-க்குப் பிறகு எடை கூட்டத் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதைத் தடை செய்தது. அந்தத் தீவனக் கலவையின் உற்பத்தி 2015-ல் 27,170 டன், 2018-ல் 2,497 டன். பன்றிகளில் கோலிஸ்டினுக்கு அடங்காத ஈ.கோலை 34 சதவீதத்தில் இருந்து 5.1 சதவீதமாகவும், கோழிகளில் 18.1-ல் இருந்து 5 சதவீதமாகவும் இரண்டே வருடத்தில் இறங்கியது. மனிதர்களின் குடலில் எம்சிஆர்-1 இருந்த விகிதமும் பாதிக்குக் கீழே வந்தது. அந்தப் பட்டையைச் சுமப்பது பாக்டீரியாவுக்கும் ஒரு செலவு. மருந்து இல்லாத இடத்தில் அந்தச் செலவு வீண், சுமக்காதவை முந்திக்கொள்ளும். இந்தியாவில் 2018-ல் லண்டனைச் சேர்ந்த பியூரோ ஆஃப் இன்வெஸ்டிகேட்டிவ் ஜர்னலிசம் கோலிஸ்டின் இங்கே கோழிப் பண்ணைகளுக்காக டன் கணக்கில் வருவதை எழுதியது. 2019 ஜூலை 19 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், உணவுக்காக வளர்க்கும் விலங்குகள், கோழி, மீன் வளர்ப்பு, தீவனம் எல்லாவற்றுக்கும் கோலிஸ்டின் தயாரிப்பு, விற்பனை, விநியோகத்தைத் தடை செய்தது. சீனா எடை கூட்டும் பயன்பாட்டை மட்டும் தடுத்தது, நோய்க்குக் கொடுக்க அனுமதித்தது. இந்தியா இரண்டையும் மூடிவிட்டது. எழுத்தில் நம் தடைதான் கடுமை.

ஆனால் இந்தத் தடை ஒழுங்காக நடக்கிறதா என்று இறைச்சியைச் சோதித்துப் பார்த்தால் தெரியாது, காரணம் மேலே சொன்னதுதான். தீவன மூட்டையைச் சோதிக்க வேண்டும், கோழியின் குடல் பாக்டீரியாவை எடுத்து வருடா வருடம் எண்ண வேண்டும். நாமக்கல் முட்டைப் பண்ணையாக இருந்தாலும் பல்லடம் பிராய்லர் ஷெட்டாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி "கறியில் என்ன இருக்கு?" என்பதோடு நிற்கக் கூடாது, "தீவனத்தில் என்ன போட்டீங்க?" என்றும் கேட்க வேண்டும். இது பண்ணைக்காரரை மட்டும் கேட்கும் கேள்வியும் இல்லை. ஒப்பந்த முறையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியில் இருந்து வருகின்றன. ஷெட் வைத்திருப்பவருக்குத் தீவன மூட்டையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல்கூட இருக்கலாம்.

அடுத்த தடவை பாக்கெட்டைப் பார்க்கும்போது "ரெசிட்யூ ஃப்ரீ" என்று இருக்கிறதா, "ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்த்தது" என்று இருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டாவது வரி இருந்தால், அதை யார் சரிபார்த்தார்கள் என்று கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டலாம். வீட்டில் பச்சைக் கறிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. அந்த 368 பால் மாதிரிகளில் இருந்த அஃப்ளாடாக்சின் மருந்தும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை, பூஞ்சை சமாச்சாரம். அதைத் தனியாக எழுதுகிறேன்.